முர்மானின் இடப்பக்கம்

லாமாராவுக்கு மற்றவர்கள் ஆடிய ஆட்டங்களைப் படிப்பதுதான் பிழைப்பு. கம்ப்யூட்டரில் செஸ் ஆடுகிறவர்கள் தங்கள் கணக்கின் பெயரை அவளுக்கு அனுப்பிவைப்பார்கள். அவள் அவர்களுடைய இருநூறு, முந்நூறு ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நான்கு பக்கம் எழுதிக் கொடுப்பாள். எதில் பலம், எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று. இளவயதில் நாட்டின் பெண்கள் அணியில் நான்காம் பலகையில் ஆடியவள். இப்போது ஐம்பத்தாறு வயது. குட்டாய்சியில், ரியோனி ஆற்றைப் பார்த்த ஒரு ஐந்தாம் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். கறார் பேர்வழி என்று பெயர். பாராட்டு ஒரு பக்கம் என்றால் குறை மூன்று பக்கம் இருக்கும். அந்தக் கறாருக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மார்ச் மாதம் முதல் வாரத்தில் முர்மானின் கடிதம் வந்தது. சந்தைக்குப் பின்னால் ரொட்டிக் கடை வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். வயது நாற்பத்து நான்கு. யாரிடமும் பாடம் கேட்டதில்லை. ஒரு ஈடு ரொட்டிக்கும் அடுத்த ஈட்டுக்கும் நடுவே மாவு மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆடி ஆடியே வளர்ந்தவன். போன இலையுதிர் காலத்தில் அவன் ரேட்டிங் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தொட்டிருந்தது. அது பட்டம் வாங்கிய ஆட்டக்காரர்களே திரும்பிப் பார்க்கிற எண். அதற்குப் பிறகு சறுக்கத் தொடங்கி நூற்றைம்பது புள்ளி போய்விட்டது. செப்டம்பரில் பத்தூமியில் நடக்கும் போட்டியில் முதல்முறையாக எதிரே ஓர் ஆளை உட்காரவைத்து ஆடப்போகிறேன், அதற்குள் எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தான்.

லாமாரா நான்கு நாள் அவன் ஆட்டங்களோடு இருந்தாள். ரொட்டிக்காரனின் ஆட்டம் அவளுக்குப் பிடித்துப்போனது. தோற்கிற நிலையிலும் பதற மாட்டான். இரண்டு சிப்பாய் குறைவாக இருந்தாலும் யானையை வைத்துக்கொண்டு எதிரியை அறுபது நகர்த்தலுக்கு இழுத்தடித்து டிராவாக்குவான். கடைசிப் பத்து விநாடியில் மற்றவர்கள் கை நடுங்கும்போது இவன் கை நடுங்காது. இதையெல்லாம் மனம் விட்டுப் பாராட்டி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அவளுக்கே அது அதிகம்.

பிறகு குறைகள். தோற்ற ஆட்டங்களில் நாற்பதை எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக ஆடும்போது ராணி பக்கத்தில், அதாவது பலகையில் ராணி நிற்கும் பாதியில், காய்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. மூலையில் நின்ற யானையை எதிரியின் மந்திரி வந்து தூக்கிக்கொண்டு போகிறது. இவன் அதைப் பார்க்கவே இல்லை. இதை மூன்றாவது குறையாக எழுதினாள். கறுப்பாக ஆடும்போது ராஜா பக்கத்தில் வரும் தாக்குதலைச் சட்டை செய்யாமல் வேறெங்கோ சிப்பாய் தள்ளிக்கொண்டிருந்தான். இதை ஐந்தாவதாக எழுதினாள். மூன்றாவதன் கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: "இவ்வளவு ஆழமாக யோசிக்கத் தெரிந்தவர் இந்தக் காய்களைக் கோட்டைவிடுவதற்கு அறியாமை காரணமாக இருக்க முடியாது. இது சோம்பல்." எழுதியபோது நல்ல வரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அனுப்பிய மூன்றாம் நாள் காலை முர்மானே ஐந்து மாடி ஏறி வந்துவிட்டான். நெடிய ஆள், முன்கை ரோமமெல்லாம் அடுப்பில் பொசுங்கியிருந்தது. துணியில் சுற்றிய இரண்டு ரொட்டிகள் கையில் சுட்டுக்கொண்டிருந்தன. உள்ளே வரும்போது இடது தோளைக் கதவு நிலையில் நன்றாக இடித்துக்கொண்டு, உங்கள் வீட்டு வாசல் குறுகல் என்று சிரித்தான்.

"எங்கம்மாகூட என்னைச் சோம்பேறின்னு சொன்னதில்ல டீச்சர். காலையில நாலு மணிக்கு எழுந்து மாவு பிசையிற ஆளு நான்."

"மாவு பிசையறதுல சோம்பல்னு நான் எழுதலியே," என்றாள் லாமாரா.

அவன் அதற்கும் சிரித்தான். கோபமாக வரவில்லை. மதிப்பீட்டை மனைவி சியுரி வாசிக்கக் கேட்டு வரி வரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து ஓடுகிறது என்றான். யாரும் இதுவரை தன் ஆட்டத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்று சொல்லும்போது அவன் முகம் சிவந்தது. லாமாரா டீயும் சீமை இலந்தை ஜாமும் கொண்டுவந்து வைத்தாள். டீயைக் குடித்தான். இடதுகைப் பக்கம் இருந்த ஜாமைத் தொடவில்லை. கூச்சப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவனுக்கு ஒரு பயிற்சி கொடுத்தாள். தினமும் நூறு புதிர், எல்லாம் வெள்ளைக்கு, எல்லாம் ராணி பக்கத்தில். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னும் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். முர்மான் தலையாட்டிவிட்டுப் போனான்.

சொன்னபடி செய்தான். அடுப்பு சூடேறும் நேரத்தில் புதிர் போட்டான். மத்தியானம் கடை சாத்தியதும் மற்றவர்கள் படுத்துத் தூங்க, இவன் உட்கார்ந்து போட்டான். வாரத்துக்கு ஒருமுறை லாமாராவுக்குக் கணக்கு எழுதி அனுப்புவான். நூறில் அறுபது சரி. பிறகு ஐம்பத்தைந்து. பிறகு நாற்பத்தெட்டு. லாமாரா எழுதிய பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. இன்னும் கவனம் தேவை. அவசரப்படுகிறீர்கள். ஜூன் மாதத்தில் ஒருமுறை, மனமில்லையென்றால் பத்தூமியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம் என்று எழுதினாள். அதற்கு அவன் நீளமாக மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்பினான். மனமிருக்கிறது, மண்டைக்குள்தான் ஏதோ சோம்பேறித்தனம் புகுந்துவிட்டது, அதை விரட்டிவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. பல வரிகளில் முதல் வார்த்தையையே காணோம்.

ஆகஸ்டில், போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இன்னொரு தரம் மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டான். லாமாராவின் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. வெயில் இறங்காத ஒரு மத்தியானம், சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவன் ஆட்டங்களைப் போனில் திறந்தாள்.

அவள் காலத்து ஆட்டக்காரர்கள் புத்தகத்தில் ஆட்டம் கற்றவர்கள். புத்தகத்தில் வெள்ளை எப்போதும் கீழே இருக்கும், கறுப்பு மேலே. அதனால் யாருடைய ஆட்டமானாலும் வெள்ளையின் பக்கமிருந்துதான் அவள் பார்ப்பாள். முப்பது வருஷப் பழக்கம். போனிலோ ஆடியவன் எந்தப் பக்கம் உட்கார்ந்தானோ அந்தப் பக்கமிருந்தே பலகை திறந்தது. முர்மான் கறுப்பாக ஆடிய ஆட்டங்களில் கறுப்பு கீழே இருந்தது. அதைத் திருப்பும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. சலித்துக்கொண்டு அப்படியே பார்க்கத் தொடங்கினாள்.

நாலாவது ஆட்டத்தில் அவள் கை நின்றது. கறுப்பு கீழே இருந்தால் ராஜா பக்கம் திரையின் இடப்பக்கம் வருகிறது. வெள்ளை கீழே இருந்தால் ராணி பக்கம் இடப்பக்கம் வருகிறது. பலகை திரும்பினாலும் அவன் காய்கள் விழும் இடம் திரும்பவில்லை. அவள் மூன்றாவது என்றும் ஐந்தாவது என்றும் தனித்தனியாக எழுதி வைத்தது ஒரே குறை. முர்மான் இடது பக்கத்தைப் பார்க்கவில்லை.

அப்படி இல்லாவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டே மிச்ச ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தாள். தோற்ற முப்பத்துநான்கு ஆட்டங்களில் முப்பத்தொன்று இடப்பக்கத்தால் போனவை. வலப்பக்கம் நடந்ததையெல்லாம் இப்போதும் அவன் ஒரு மாஸ்டரைப் போலத்தான் ஆடியிருந்தான்.

கடைக்குப் போன் போட்டாள். எடுத்தது சியுரி. வீட்டில் அவர் எப்படி இருக்கிறார், எதிலாவது இடித்துக்கொள்கிறாரா, தட்டில் ஏதாவது மிச்சம் வைக்கிறாரா என்று லாமாரா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சியுரி முதலில் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு இன்னும் கொண்டுவா என்கிறார், தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிடுகிறார். ஒரு கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார் ஒருநாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மாறிக்கொண்டே வந்தது.

"அக்கா, அடுப்புக்குள்ள இடப்பக்கம் அவரு ரொட்டியே ஒட்டுறதில்ல. ரெண்டு மாசமாச்சு. வட்ட அடுப்புல பாதிச் சுவரு சும்மா கெடக்கு. என்னய்யா, அந்தப் பக்கத்தை யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கேன்னு நாங்கல்லாம் கேலி பண்ணிக்கிட்டிருந்தோம்." பிறகு, "என்னக்கா அது?" என்று கேட்டாள்.

டாக்டரிடம் வர முர்மான் ஒப்பவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் தெரிகிறது என்று சாதித்தான். அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது; இல்லாமல் போன பாதி இல்லையென்றே அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் லாமாரா ஒரு பொய் சொன்னாள். பத்தூமியில் பலகைக்கு முன் உட்கார வேண்டுமென்றால் கண் டாக்டரின் சீட்டு வேண்டும், இந்த வருஷம் புதுச் சட்டம் என்றாள். மறுநாளே நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தான்.

கண் டாக்டர் அவனை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் விரலை ஆட்டினார். வலப்பக்கம் ஆட்டியதும் உடனே சொன்னான். இடப்பக்கம் ஆட்டியபோது, "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டான். டாக்டர் விரலைக் கீழே இறக்கிவிட்டு, சுவரோரம் நின்ற சியுரியைப் பார்த்தார். அன்றைக்கே தலைநகர் திபிலிசியின் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். காகிதத்தைக் கையில் வாங்கிய முர்மான், இது போட்டிக்குப் போதுமா டீச்சர் என்றான்.

திபிலிசியில் படம் எடுத்தார்கள். மூளையின் வலது பின்பகுதியில் கட்டி. எப்போதிலிருந்து இந்தத் தொந்தரவு என்று டாக்டரம்மா கேட்டாள். சியுரிக்குச் சொல்லத் தெரியவில்லை. முர்மான் தனக்குத் தொந்தரவே இல்லை என்றான். என்னால் சொல்ல முடியும் என்று கூட வந்திருந்த லாமாரா சொன்னாள். இரண்டு நாள், ஆயிரத்து நூறு ஆட்டம் பின்னோக்கிப் போனாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதியும் நேரமும் இருந்தன. சென்ற வருஷம் நவம்பர் ஒன்பதாம் தேதிக்கு முன்னால் அப்படி ஒன்றுகூட இல்லை. அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு, கறுப்பாக ஆடி, ஜெயிக்கிற நிலையில், இடது ஓரத்து வரிசையில் வந்து நின்ற எதிரியின் ராணியைப் பார்க்காமல் மேட் வாங்கியிருந்தான். அந்தத் தேதியைக் குறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டரம்மா ஆச்சரியத்தோடு அதை எழுதிக்கொண்டாள். நோயாளிகளில் யாரும் இத்தனை துல்லியமாகத் தேதி சொன்னதில்லை என்றாள்.

லாமாரா போகாமல் நின்றாள். மார்ச்சில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள்.

"அப்ப இது சின்னதா இருந்திருக்கும். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஃபைலை மூடினாள்.

ஆபரேஷனில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. பத்தூமியில் போட்டி நடந்து முடிந்த வாரம் முர்மான் தலையில் கட்டோடு குட்டாய்சிக்குத் திரும்பினான். கடையை சியுரியும் அவள் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். லாமாரா வாரத்துக்கு இரண்டு நாள் பலகையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். பலகையை அவனுக்கு வலப்பக்கம் நன்றாகத் தள்ளி வைத்தால் முக்கால் பலகை அவன் பார்வைக்குள் வந்தது. அவன் எதிரே ஓர் ஆளை உட்காரவைத்து ஆடியது அப்போதுதான். காய்களைக் கையில் தொட்டு ஆடுவது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெட்டிய சிப்பாயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே யோசிப்பான்.

ஒருநாள் அவனுடைய யானை ஒன்று இடது மூலையில் காவலில்லாமல் நின்றது. லாமாராவின் மந்திரி ஒரே எட்டில் எடுத்துவிடலாம். எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. வேறு ஏதாவது ஆடலாமா என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்க டீச்சர்," என்றான் முர்மான்.

"எதை?"

"எதுன்னு தெரியாது. நீங்க இவ்ளோ நேரம் யோசிக்கிறீங்கன்னா அந்தப் பக்கம் என்னோடது ஏதோ கெடக்குன்னு அர்த்தம். எனக்குப் பிச்சை போடாதீங்க."

அவள் யானையை எடுத்தாள். அவன் அதற்குப் பிறகும் நாற்பது நகர்த்தல் தாக்குப் பிடித்துத்தான் தோற்றான். தோற்றவன் முகத்தில் இருந்த திருப்தியை அவளால் பார்க்க முடியவில்லை. காய்களைப் பெட்டியில் போடத் தொடங்கினாள். அவனிடம் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வதென்று இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அன்றும் வாய் வரவில்லை. அவனே ஆரம்பித்தான்.

"மூணாவதும் அஞ்சாவதும் ஒண்ணுதான், இல்ல?"

அவள் கையிலிருந்த குதிரையைக் கீழே வைத்தாள். "ஆமா. ஒரே பக்கத்துல எழுதி வெச்சிருந்தேன். ரெண்டையும் சேர்த்துப் பாக்கல. நான் பாத்திருக்கணும் முர்மான்."

"பத்து மாசம் ஆடினவன் நான். நானே பாக்கல," என்றான். பிறகு தலையணைக்கடியிலிருந்து அந்த நான்கு பக்கங்களை எடுத்தான். மடிப்புகளில் மாவு படிந்திருந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க. அந்த வார்த்தைய மட்டும் அடிச்சிடுங்க. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைக் காட்டியிருக்கேன். பெரிய ஆட்டக்காரி, என்னைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு. அதுல சோம்பேறின்னு இருக்கக் கூடாது."

லாமாரா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். அழுத்தி அடித்ததில் காகிதம் லேசாகக் கிழிந்தது. வரி பக்கத்தின் இடது பாதியில் இருந்தது. அவன் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடித்துவிட்டீர்களா என்று கேட்டான். அவள் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அடித்த இடத்தின்மேல் மெதுவாக ஓட்டினாள். கிழிசல் விரலில் தட்டியதும் அவன் தலையாட்டினான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

டிசம்பரில் அவனுக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. ஜனவரி கடைசியில், பனி பெய்த ஒரு காலையில், மனைவியும் மைத்துனனும் பக்கத்தில் இருக்க, முர்மான் இறந்துபோனான்.

அடக்கத்துக்கு லாமாரா போனாள். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கும் போனாள். கடைசி மேஜையில் உட்கார்ந்து, அவன் பெயர் சொல்லி மற்றவர்கள் ஒயின் கோப்பையைத் தூக்கியபோது அவளும் தூக்கினாள். சியுரி அவளிடம் வரவில்லை. எல்லோரையும் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று லாமாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறு வாரம் ரொட்டிக் கடைக்குப் போனாள். தெருவைவிடத் தாழ்ந்த கடை. நாலு படி இறங்கினால் ஜன்னல். காலை எட்டு மணி வரிசை வாசல் வரை நின்றது. கைப்பையில் புதிதாக எழுதிய மதிப்பீடு இருந்தது. முர்மானின் நல்ல ஆட்டங்கள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அவன் என்ன யோசித்தான் என்பதை விளக்கி முப்பது பக்கம் எழுதியிருந்தாள். அவளுடைய வேலையில் அதைவிட நல்லதாக அவள் எதையும் எழுதியதில்லை. அவள் முறை வந்ததும் அதை ஜன்னல் வழியாக நீட்டினாள். சியுரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு திருப்பி நீட்டினாள்.

"வேணாம் அக்கா."

"அதுல குறை எதுவும் எழுதலம்மா."

"தெரியும்." சியுரியின் குரல் உயரவில்லை. "அவரு அடிக்கச் சொன்னாரு, நீங்க அடிச்சீங்க. அவருக்கு அது போதும். எனக்குப் போதல. ஏப்ரல்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த மனுஷன் ஒருநாள் மத்தியானம் படுத்துத் தூங்கல. கடலுக்குப் போலாம்னு கூப்பிட்டேன். நூறு முடிக்கல, டீச்சர் கேப்பாங்கன்னாரு. பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசல. நானும் பைத்தியக்காரி, போய்ப் போடுங்கன்னு விட்டுட்டேன். எனக்கு மிச்சமிருந்த நாளு அதுதான்னு எனக்கென்ன தெரியும்?"

லாமாரா காகிதங்களை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வீட்டிலிருந்தே தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். அது இந்தப் பெண்ணிடம் எதையோ கேட்டு வாங்குவது போல இருந்ததால் சொல்லாமல் விட்டாள்.

உள்ளே சியுரியின் தம்பி அடுப்புக்குள் குனிந்து, நீண்ட கம்பியால் ரொட்டிகளைக் கொக்கி போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும், சுவர் முழுக்க. சியுரி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவள் பார்வை லாமாராவைத் தாண்டி அடுத்த ஆளிடம் போயிருந்தது.

லாமாரா ரொட்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பின்னால் இருந்த பெண்மணி, வாங்கியாகிவிட்டது என்றால் கொஞ்சம் நகருங்கள் என்றாள். லாமாரா நகர்ந்தாள்.